ஆணித்துளை போட்ட மட்கார்டு

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மழை விட்ட கையோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அறுபதைத் தாண்டியவளுக்கு எதற்கு இதெல்லாம் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். என் வீட்டுக்காரர் கேட்கிறார், தினமும் கேட்கிறார். ஓய்வு பெற்ற பிறகு ஈப்போவில் என்னைப் போன்ற ஐந்தாறு பெண்கள் சேர்ந்து சைக்கிளில் ஊர் ஊராகப் போகிறோம். பின்னால் இரண்டு பை, முன்னால் ஒரு பை, தண்ணீர்ப் போத்தல், முட்டிக்குத் தைலம். வருகிற பள்ளி விடுமுறையில் தஞ்சோங் மாலிம் வரை போய்த் தங்கித் திரும்புவதாகத் திட்டம். அதற்கான ஒத்திகைதான் அன்றைக்கு.

வீடு திரும்பியதும் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, முதுகப் பாருங்கம்மா! யாரோ பிரஷ்ஷால இழுத்து விட்டமாரி இருக்கு லா."

கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் பார்த்தேன். இடுப்பிலிருந்து பிடரி வரை ஒரே கோடாகச் சேறு. குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு அழுதேன். ஏன் என்று அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அன்று மத்தியானமே சைக்கிள் கடைக்குப் போனேன். கடை முதலாளி சீனர், தௌக்கே என்போம், என் வயதுக்காரர். மலாயில்தான் பேசிக்கொள்வோம். தூரப் பயணச் சைக்கிளுக்கு மட்கார்டு பார்ப்பது மாப்பிள்ளை பார்ப்பதைவிடப் பெரிய வேலையாக இருக்கிறது. டயரைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாக இருக்க வேண்டுமாம். டயருக்கும் அதற்கும் நடுவில் சுண்டுவிரல் நுழைய வேண்டுமாம். பின்தகடு எவ்வளவு தாழ இறங்குகிறதோ அவ்வளவு நல்லதாம், அது நமக்காக இல்லை, நமக்குப் பின்னால் வருகிறவருக்காக. பிளாஸ்டிக் என்றால் கனமில்லை, துருப்பிடிக்காது. அலுமினியம் பளபளக்கும், ஆனால் விழுந்தால் நசுங்கும். நாலு ஜோடியை மேசைமேல் பரப்பினார். எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை.

"வீட்டில் பழைய இரும்பு மட்கார்டு இருக்கிறது, இருபத்தெட்டு அங்குலம். மாட்ட முடியுமா?" என்று கேட்டேன்.

"கனம் ஆச்சே ஆண்ட்டி. சரி, கொண்டுவா பார்க்கலாம்" என்றார் தௌக்கே.

ஸ்டோர் அறையில் கோணிச்சாக்குக்குள் இருந்தது அந்த ஜோடி. சாக்கைப் பிரித்ததும் துரு வாடையோடு இன்னொரு வாடையும் வந்தது. உள்பக்கம் கறுத்துக் காய்ந்து ஒட்டியிருந்த கித்தாப் பால், ரப்பர் மரத்துப் பால். ஒட்டுப்பால் நாற்றத்தை அறியாதவர்களுக்கு அதை எப்படிச் சொன்னாலும் விளங்காது. அறிந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். எனக்கு அது அக்காவின் வாடை. வேலை முடிந்து வரும் அவள் சட்டையிலும் கூந்தலிலும் அதுதான் அடிக்கும். சின்ன வயதில் அதை மோந்துகொண்டே அவள் மடியில் தூங்கியிருக்கிறேன். கொஞ்சம் படித்த பிறகு மூக்கைப் பொத்தவும் கற்றுக்கொண்டேன். படிப்பு அதையும் சேர்த்துத்தானே கொடுக்கிறது.

நாங்கள் குடியிருந்த கித்தாத் தோட்டம் செமோருக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் நடுவில், பெரிய சாலையிலிருந்து இரண்டு கட்டை உள்ளே. மைலை அப்போது கட்டை என்றுதான் சொல்வோம். அப்பா நான் பிறந்த கொஞ்ச நாளில் இறந்துவிட்டார், அம்மா நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது. அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அம்மா பால் வெட்டிய மரங்களை அவள் எடுத்துக்கொண்டாள். அம்மாவின் உளி, அம்மாவின் வாளி, அம்மாவின் பிள்ளையான நான், எல்லாம் அவள் கணக்கில் வந்து சேர்ந்தது. கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம், "இது படிச்சு முடிக்கட்டும்" என்பாள். இது என்றால் நான்.

படிப்பு முடிந்து செமோரில் ஒரு தனியார் கிளினிக்கில் மருந்து கொடுக்கும் வேலை கிடைத்தது. வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பாவாடை, வெள்ளைக் காலணி. தோட்டத்துச் சாலையோ அசல் செம்மண். எனக்கு வாய்த்த பழைய லேடீஸ் சைக்கிளில் மட்கார்டே கிடையாது. முதல் நாள் மழையில் போய் இறங்கியபோது, என் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு மேரி மிஸ்ஸி ஒரு துண்டைக் கொடுத்தார். அங்கே மூத்த தாதி அவர்தான். தாதியை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். வீட்டுக்கு வந்து நான் போட்ட ஆர்ப்பாட்டம் கொஞ்சநஞ்சமில்லை. அந்த வேலையே வேண்டாம் என்று சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் தன் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, ஸ்பேனரோடு உட்கார்ந்தாள். அவளுடையது பால் வாளி கட்டும் பெரிய ஆண்கள் சைக்கிள். அதன் இரண்டு மட்கார்டையும் கழற்றி என் சைக்கிளில் மாட்டினாள். சக்கரம் சின்னது, மட்கார்டு பெரியது. கம்பியை வளைத்து எப்படியோ உட்கார வைத்தாள். பிறகு பின் மட்கார்டின் இரண்டு ஓரத்திலும் ஆணி வைத்து அடித்து வரிசையாகத் துளை போட்டாள். துளைக்குத் துளை நூல் கோத்து அச்சு வரைக்கும் இழுத்துக் கட்டினாள். என் வெள்ளைப் பாவாடை கம்பிக்குள் சிக்கக்கூடாதாம்.

"உனக்கு வேணாமாக்கா?" என்று கேட்டேன். கேட்டேன் என்று சொல்லிக்கொள்ளத்தான் கேட்டேன்.

"எனக்கென்னா? மரம் வந்து என் முதுகப் பாக்கப் போவுதா?" என்றாள்.

இரண்டு மழைக்காலம் அவள் மட்கார்டு இல்லாமல்தான் ஓட்டினாள். நான் என் முதல் சம்பளத்தில் ஒரு கைக்கடிகாரம் வாங்கினேன். எனக்குத்தான். அவளுக்கு ஒரு ஜோடித் தகரம் வாங்கித் தர வேண்டும் என்று சத்தியமாக எனக்குத் தோன்றவே இல்லை.

இனி அந்த நாள். விடிந்ததிலிருந்து மழை. மழை நாளில் பால்வெட்டு இல்லை, அக்கா வீட்டில் இருந்தாள். நான் அலமாரிச் சாவியை வீட்டில் விட்டுவிட்டுக் கிளினிக்குக்கு வந்துவிட்டேன். மருந்தெல்லாம் உள்ளே, நோயாளிகள் பெஞ்சு நிறைய, டாக்டரின் முகம் கடுகடுவென்று இருக்கிறது. பத்து மணி வாக்கில் வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்று நிமிர்ந்து பார்த்தேன். அக்கா. கைலி நனைந்து காலோடு ஒட்டியிருக்கிறது. முன்பக்கம் முகம் வரை செம்மண். சைக்கிளை நிறுத்தத் திரும்பினாள், இடுப்பிலிருந்து கொண்டை வரைக்கும் ஒரே சிவப்புக் கோடு. உள்ளே வந்து நின்றதும் வெள்ளைத் தரையில் சேறு சொட்டியது. பெஞ்சில் இருந்தவர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள்.

"யாரும்மா அது?" என்றார் மேரி மிஸ்ஸி.

வாய் தானாகச் சொன்னது என்று இத்தனை வருடமாக என்னையே ஏமாற்றிப் பார்த்தேன். தானாகச் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். "எங்க லயத்துல இருக்கறவங்க மிஸ்ஸி."

அக்கா காதில் அது விழுந்தது. ஒரு கணம்தான் என்னைப் பார்த்தாள். பிறகு இடுப்பு முடிச்சிலிருந்து சாவியை எடுத்து, கைலியில் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள். "சாவிய மறந்து வெச்சிட்டு வந்துட்டீங்கம்மா" என்றாள். என்னைத் தூக்கி வளர்த்தவள், அதுவரை என்னை வாடீ போடீ என்று மட்டுமே கூப்பிட்டவள், வந்துட்டீங்கம்மா என்றாள். அதோடு போயிருந்தாலாவது பரவாயில்லை. மூலையில் இருந்த தரை துடைக்கும் துணியை எடுத்து, தன் காலடிச் சேற்றைத் தானே துடைத்துக்கொண்டே வாசல் வரைக்கும் பின்னால் நகர்ந்து போனாள். நான் மருந்து கட்டிக்கொண்டிருந்தேன். பாவி, நிமிரவே இல்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், "வாடி, மொதல்ல சாப்புடு" என்றாள் எப்போதும்போல. கொடியில் அவள் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. கோடு சரியாகப் போகவில்லை. போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவள் திட்டவே இல்லை, அந்த நாளும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை.

பிறகு எனக்கு ஈப்போவில் வேலை, கல்யாணம், பிள்ளை. போகும்போது மட்கார்டைக் கழற்றி அவளிடமே கொடுத்தேன், பெரிய தியாகம் செய்தவள் மாதிரி. தோட்டத்தை விற்றார்கள். அக்கா சுங்கை சிப்புட்டில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தாள். எங்களோடு வந்து இருக்கச் சொன்னால், "ஒங்க வீட்டுக்கெல்லாம் நான் சரிப்பட மாட்டேன்" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்குள் என்ன இருந்தது என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததே இல்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போவேன், முறுக்குத் தின்றுவிட்டுத் திரும்புவேன். அவள் போய் இரண்டு வருடமாகிறது. சைக்கிளைப் பழைய இரும்புக்காரர் கொண்டுபோனார். மட்கார்டை மட்டும் நான் கழற்றிக்கொண்டேன்.

மூன்று வாரம் அதோடு மல்லுக்கட்டினேன். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாள் போட்டேன். நசுங்கிய இடத்தை மணல் பையின்மேல் வைத்து மரச்சுத்தியால் தட்டித் தட்டி எடுத்தேன். துருவுக்குள்ளிருந்து ஆணித்துளைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன, கோணல்மாணலாக, ஒரு பக்கம் பதினொன்று, மறு பக்கம் பன்னிரண்டு. தௌக்கே அவற்றை மாவு போட்டு அடைத்துவிடலாம் என்றார். துளையைத் தொட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும் என்றேன். மனிதர் பயந்துபோய் கறுப்புப் பெயிண்ட் டின்னை என்னிடமே கொடுத்துவிட்டார். என் புதுச் சைக்கிளின் சக்கரத்துக்கு அது கச்சிதமாக உட்கார்ந்தது.

அதை மாட்டிய முதல் ஞாயிறு, கால் தானாகச் செமோருக்கு மிதித்தது. கிளினிக் இருந்த இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை. பக்கத்துக் கோப்பிக்கடையில் ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார் மேரி மிஸ்ஸி. எண்பது வயதிருக்கும். மாதா கோயில் பூசை முடிந்து வந்திருக்கிறார். என்னைக் கண்டுபிடித்துவிட்டார். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் விசாரித்து முடித்துவிட்டு, "ஒங்க லயத்து அம்மா ஒருத்தவங்க வருவாங்களே, மழையில நனஞ்சு சாவி கொண்டாந்தாங்களே, எப்படி இருக்காங்க?" என்றார்.

"எறந்துட்டாங்க மிஸ்ஸி."

"ஐயோ பாவம். அப்பறமும் இருமல் மருந்துக்கு எங்கிட்ட வருவாங்கம்மா. நீ லீவுல இருக்கற நாளாப் பாத்து வருவாங்க. ஒவ்வொரு தடவையும் ஒன்னயப் பத்தித்தான் பேச்சு. 'அந்தப் புள்ளைக்கு யாருமில்ல மிஸ்ஸி, நீங்கதான் பாத்துக்கணும்'னு எங் கையப் புடிச்சுக்குவாங்க."

"அவங்க எங்கக்கா மிஸ்ஸி. கூடப் பொறந்த அக்கா."

மிஸ்ஸி என் பக்கம் குனிந்தார். "அவங்க ஒரு தடவகூடச் சொல்லலியேம்மா" என்றார்.

கோப்பி ஆறிப்போகும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு தோட்டத்துப் பக்கம் சைக்கிளைத் திருப்பினேன். செம்மண் சாலை தார்ச்சாலையாகிவிட்டது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம் இல்லை. பால் நிறுக்கும் ஸ்டோர் இல்லை. கித்தா மரம் ஒன்றுகூட இல்லை. எங்கள் லயம் இருந்த இடத்தில் மதில் எழுப்பிய தாமான் குடியிருப்பு, ஒரே மாதிரி வீடுகள், நுழைவில் தடுப்புக் கம்பு. காவலாளி வெளியே வந்து, மரியாதையாகத்தான், யாரைப் பார்க்க வேண்டும் ஆண்ட்டி என்று மலாயில் கேட்டார். உள்ளே இருக்கும் யார் பெயரையாவது சொன்னால் கம்பைத் தூக்கிவிடுவாராம்.

நான் பிறந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு, எனக்கு இங்கே யாருமில்லை என்று சொன்னேன்.