இடது கையில் விரித்த கத்தி

சுகந்தனின் சலூன் மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டு கதிரை, ஒரு நீளக் கண்ணாடி, கழுதைகள் உள்ளே வராமல் வாசலில் குறுக்கே கட்டிய கயிறு. அவர் நம் கழுத்தைச் சுற்றித் துணியைப் போடும்போது முதலில் கண்ணில் படுவது அவருடைய இடது முன்கையில் குத்தியிருக்கும் பச்சைதான். மணிக்கட்டுக்குச் சற்று மேலே தொடங்கி முழங்கை வரை போகிற ஒரு சவரக் கத்தி. பிடியிலிருந்து அலகு முழுதாக விரிந்து நிற்கும்.

ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கதிரையில் உட்கார்ந்திருக்கிறேன். போன வருடம்தான் அந்தக் கத்தியின் கதை முழுவதையும் சொன்னார். எழுதலாமா என்று கேட்டேன். "அந்த ஊரின்ர பேரை மட்டும் போடாதேங்கோ" என்றார். போடவில்லை. அது போதுமா என்ற பயம் இதை எழுதும்போதும் எனக்கு இருக்கிறது.

பச்சை குத்தியது கட்டாரில். தோகாவில் ஒரு பெரிய சலூனில் அவர் சில வருடங்கள் வேலை பார்த்தார். கூட நின்ற பிலிப்பைன்ஸ்காரர், நேபாளிகள் எல்லாரும் கையிலோ கழுத்திலோ ஒரு கத்தி வைத்திருந்தார்களாம். றொமெல் என்ற பிலிப்பைன்ஸ்காரர்தான் விளக்கம் சொன்னவர். விரித்த கத்தி என்றால், முன்பின் தெரியாத மனிதர்கூடக் கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைக் கொடுக்கலாம், அப்படிப்பட்ட கை. மடித்த கத்தி என்றால் சாவு. தொழில் பழக்கியவரோ, நெடுநாள் வந்த வாடிக்கையாளரோ போய்விட்டால், விரித்த கத்திக்குக் கீழே சின்னதாக ஒரு மடித்த கத்தியைக் குத்துவார்கள்.

சுகந்தனின் தகப்பன் பெருநிலப்பக்கம் வயல் ஊர்களில் தொழில் செய்தவர். செத்த வீடுகளுக்குக் கத்தியோடு போவார், பின்வளவில் சாப்பிடுவார், சின்னப் பெடியன்களும் அவரை "நீ" என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த "நீ" காதில் விழாத இடம் வேண்டுமென்றுதான் சுகந்தன் பாலத்தைத் தாண்டித் தீவுக்கு வந்து கடை போட்டார். கத்தி ஒரு பெருமை என்று அவருக்கு முதலில் சொன்னவர் தமிழ் தெரியாத ஒருவர். அந்தச் சந்தோசத்தில் அடுத்த லீவு நாளே போய்க் குத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி அதைப் பார்த்து அழுதாள். "போற இடமெல்லாம் தெரியட்டும் எண்டு நீங்களே கையில எழுதிக்கொண்டு வந்திருக்கிறியளே." சில வருடங்களில் அவள் காய்ச்சலில் இறந்துபோனாள். பிறகு வீட்டில் சுகந்தனும் மகள் டிலக்சனாவும்தான்.

பக்கத்துத் தேத்தண்ணிக் கடை றஊப் அந்தப் பச்சையைச் சீண்டாத நாளில்லை.

"எங்கட மார்க்கத்தில இது ஹறாம் சுகந்தன். ஆனா கீறினவன் நல்லாத்தான் கீறியிருக்கான்."

"அப்ப நீங்களும் ஒண்டு குத்துங்கோ நானா. தேத்தண்ணிக் கோப்பை."

"குத்தலாம். பிறகு நம்மட வீட்டுக்காரி என்னைக் குத்துவா."

டிலக்சனா தொழில்நுட்பக் கல்லூரியில் கணக்கியல் படித்தபோது நிதர்சனைச் சந்தித்தாள். வயலும் நெல் மூட்டையுமாக வாழ்கிற குடும்பம். அவளுடைய தகப்பன் என்ன தொழில் என்பது நிதர்சனுக்குத் தெரியும். வீட்டில் "மன்னார் ரவுனில கடை வச்சிருக்கினம்" என்று மட்டும் சொல்லியிருந்தான். தாய் சிவலட்சுமிக்கு அது பிடித்துப்போனது. பெண் கேட்டு வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

அன்று மாலை டிலக்சனா வெள்ளை முழுக்கைச் சட்டை ஒன்று வாங்கி வந்தாள்.

"அப்பா, அவையள் வாற அண்டைக்கு மட்டும் இதைப் போடுங்கோ."

"மட்டுமோ?"

"கலியாணத்தண்டைக்கும்."

"பிறகு பேரப்பிள்ளையைத் தூக்கேக்குள்ள?"

"அப்பா!" என்று அவள் முதுகில் அடித்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். சட்டை அளவாக இருந்தது.

அவர்கள் வருவதற்கு முந்திய சனிக்கிழமை, ஆஸ்பத்திரிக் கிளினிக் முடித்து வந்த ஒரு பெரியவர் சலூனுக்குள் நுழைந்து கதிரையில் சாய்ந்தார். "முகம் மட்டும் வழிச்சு விடுங்கோ தம்பி." சவர்க்காரம் பூசும்போதே நித்திரையாகிவிட்டார். வாய் திறந்து, குறட்டை விட்டு, கழுத்தை முழுதாகக் கொடுத்துத் தூங்கினார். சுகந்தன் வேலையை முடித்துவிட்டும் எழுப்பாமல் நின்றார். முழித்தவர் அந்தக் கையைப் பார்த்தார்.

"இதென்ன, கத்தியோ?"

யாரோ ஒரு வாடிக்கையாளர் என்று நினைத்துச் சுகந்தன் தோகாக் கதை முழுவதையும் சொன்னார். பெரியவர் கடைசி வரை கேட்டார். பிறகு கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே, "நான் சீவரத்தினம். நிதர்சன்ர அப்பா" என்றார்.

சுகந்தனின் கையிலிருந்த துவாய் அப்படியே நின்றது.

"பயப்பிடாதேங்கோ. விசாரிச்சுப்போட்டு ஆளைப் பாக்கத்தான் வந்தனான். பாத்திட்டன்." சீவரத்தினம் தாடையைத் தடவினார். "மனிசிக்கும் அவவின்ர தமையனுக்கும் இப்ப ஒண்டும் சொல்லாதேங்கோ. அவை ஒரு மாதிரி. கலியாணம் முடியட்டும், நான் சொல்லுறன். நான் இருக்குமட்டும் பிரச்சினை வராது."

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் வந்தார். வாசல் கயிற்றைத் தாண்டும்போதே, "சம்பந்தி, கழுத்து வருது!" என்று குரல் கொடுப்பார். ஊரில் யாருக்கும் தெரியாது, கிளினிக் போகிறார் என்றுதான் நினைத்தார்கள். பெண் கேட்டு வந்த நாளில் முழுக்கைச் சட்டை வேலையைச் செய்தது. சிவலட்சுமி டிலக்சனாவின் தலையில் பூ வைத்தா. அறுவடை முடிந்ததும் கலியாணம் என்று பேசி முடித்தார்கள்.

அறுவடைக்கு முன்பே சீவரத்தினம் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் கிடந்து, வீட்டுக்குப் பெட்டியில் போனார்.

சுகந்தனும் மகளும் விடியப் புறப்பட்டுப் போனார்கள். அவர் முழுக்கைச் சட்டை போட்டு இரண்டு கைப் பொத்தானையும் பூட்டியிருந்தார். பந்தலில் சிவலட்சுமியின் தமையன் எழுந்து வந்து கையைப் பிடித்தார். "வாங்கோ சம்பந்தி, இதில இருங்கோ." நல்ல கதிரையாகப் பார்த்துப் போட்டுச் சோடா கொடுக்கச் சொன்னார். டிலக்சனா உள்ளே சிவலட்சுமியின் பக்கத்தில் இருந்து, அழுகிற அந்த மனிசியின் தலைமயிரை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். மருமகளாகவே இருந்தாள்.

ஐயர் வந்துவிட்டார். வழக்கமாகச் சவரத்துக்கு வரும் தொழிலாளி மட்டும் வரவில்லை. மடுப் பக்கம் வேறொரு செத்த வீட்டில் நிற்கிறானாம், பின்னேரம் ஆகுமாம். வெயில் ஏறியது. சடலத்தைக் குளிப்பாட்டவேண்டும், அதற்கு முன் முகம் வழிக்கவேண்டும். ஆஸ்பத்திரியில் வளர்ந்த தாடி வெள்ளையாக முள்ளு முள்ளாய் நின்றது.

"ஒரு றேசர் வாங்கி வாருங்கோ, மகனே வழிக்கட்டும்" என்றார் ஐயர்.

நிதர்சன் தகப்பனின் தலைமாட்டில் குந்தினான். காய்ந்த கன்னத்தில் றேசரை வைத்து இழுத்தான். உயிரில்லாத தோல் சுருங்கி அலகோடு கூடவே போனது. இரத்தம் வரவில்லை. வெள்ளைக் கீறல் ஒன்று விழுந்தது. அவன் இன்னொரு முறை இழுத்தான். இன்னொரு கீறல்.

சனிக்கிழமைகளில் தன் கையில் குறட்டை விட்டுத் தூங்கிய முகம் அது. சுகந்தன் எழுந்து போனதை அவரே பிறகுதான் உணர்ந்தார்.

"விடுங்கோ தம்பி. நான் செய்யிறன்."

யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. சம்பந்தி, மூத்தவர், மகனுக்கு உதவுகிறார். சுகந்தன் சவர்க்காரத்தை நன்றாக நுரைக்கவைத்துப் பூசி, கொஞ்ச நேரம் ஊற விட்டார். இரண்டு விரலால் தோலை மேலே இழுத்துப் பிடித்து, றேசரைப் படுக்கவைத்து, சின்னச் சின்னதாக எடுத்தார். முகம் தெளிந்து வந்தது. சிவலட்சுமி கூட அழுகையை நிறுத்திப் பார்த்தா.

அவ்வளவோடு முடிந்திருக்கும். ஆனால் முடிதிருத்துகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. அலகில் ஒட்டும் நுரையை வழித்துவிட ஒவ்வொரு முறையும் துணி தேடமாட்டார்கள். தங்கள் இடது முன்கையிலேயே வழிப்பார்கள். சுகந்தன் குனிந்த தலை நிமிராமல் பொத்தானைக் கழற்றி, சட்டைக் கையை முழங்கை வரை மடித்து, நுரையையும் வெள்ளை மயிரையும் அதில் வழித்து வழித்து வேலை செய்தார். கடைசியில் யாரோ செம்பில் தண்ணீர் வார்த்தார்கள். நுரை வழிந்து போனது. நனைந்த கையில் கத்தி விரிந்து கிடந்தது.

தண்ணீர் வார்த்த கை நின்றது. சிவலட்சுமியின் தமையன் கிட்ட வந்து பார்த்தார். சுகந்தனின் முகத்தைப் பார்த்தார், வழித்த முகத்தைப் பார்த்தார், திரும்பவும் கையைப் பார்த்தார்.

"ஓஹோ. நீ அந்த ஆக்களே?"

உள்ளே பெண்களுக்கு நடுவில் டிலக்சனா தலை குனிந்திருந்தாள். சிவலட்சுமி அவளுடைய மடியிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டா.

"சரி, சரி. பொழுது போகுது" என்று தமையன் சத்தமாகச் சொன்னார். கோபப்பட்ட மாதிரிக்கூட இல்லை. ஒரு சிக்கல் தீர்ந்த மாதிரித்தான் அவருடைய குரல் இருந்தது என்பார் சுகந்தன். "ஆளை இஞ்ச வச்சுக்கொண்டே தேடியிருக்கிறம். பெடியன்ர முகத்தையும் எடுத்து விடு. சுடலைக்கும் வா, குடம் கொத்த ஆளில்லை."

நிதர்சன் வந்து சுகந்தனின் முன்னால் இருந்தான். கொள்ளி வைக்கிறவன் மீசையை எடுக்கவேண்டும். முதல் நாள் ஆஸ்பத்திரியில் அவரைக் கட்டிப்பிடித்து "மாமா, மாமா" என்று அழுதவன், இப்போது கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் கொடுத்தான். அவர் மீசையை எடுத்து முடித்தார். "சரி தம்பி" என்றார். அவன் எழுந்து போனான். மாமா என்று சொல்லவில்லை.

கையைக் கழுவிவிட்டுப் பந்தலுக்குத் திரும்பியபோது அவருடைய கதிரையில் வேறொருவர் இருந்தார்.

சுடலையில் நிதர்சன் தோளில் தண்ணீர்க் குடத்தோடு சிதையைச் சுற்ற, சுகந்தன் பின்னால் நடந்து ஒவ்வொரு சுற்றுக்கும் கத்தியால் குடத்தில் ஒரு துளை கொத்தினார். தகப்பன் செய்ததைச் சிறுவயதில் பார்த்தது. தன் கை அதைச் செய்யாது என்று ஒரு காலத்தில் சத்தியம் பண்ணியிருந்தார். நீர் பீறிட்டு நிதர்சனின் முதுகை நனைத்தது. வெயிலில் அவன் தோள் நடுங்கியது. ஒரு தகப்பனைப் போல அந்தத் தோளைத் தொடலாமா என்று ஒரு கணம் யோசித்தாராம். தொடவில்லை.

திரும்பி வந்ததும் பின்வளவில் ஒரு பனையோலைக் கடகம் வைத்திருந்தார்கள். அரிசி, தேங்காய், ஒரு வேட்டி. தொழிலாளிக்கு உரியது. அதை அங்கேயே வைத்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு றோட்டுக்கு வந்தார்.

பஸ் தள்ளாடிச் சந்தியைத் தாண்டியது. பாலத்தில் ஏறியதும் டிலக்சனா கேட்டாள்.

"ஏனப்பா சட்டைக் கையை மடிச்சனீங்கள்?"

"தெரியேல்லப் பிள்ளை. கை பழக்கத்தில மடிச்சிட்டுது."

"அவர் வழிச்சா வழிக்கட்டும் எண்டு விட்டிருக்கலாமே."

"முகத்தைக் கீறிக்கொண்டிருந்தவன் பிள்ளை. அந்த மனிசனை அப்பிடி அனுப்ப ஏலாது."

அவள் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சனிக்கிழமைகளில் சீவரத்தினம் சலூனுக்கு வந்ததை அவளுக்கு அன்றுதான் சொன்னார். "அங்கிளுக்குத் தெரியுமோ?" என்று ஒரு முறை கேட்டாள். "ஓம், எல்லாம் தெரியும்." அதன் பிறகு வீடு வரும் வரை அழுதாள்.

அங்கிருந்து யாரும் வரவில்லை. கலியாணம் இல்லை என்றும் சொல்லவில்லை, உண்டு என்றும் சொல்லவில்லை. நிதர்சன் இரண்டொரு குறுஞ்செய்தி அனுப்பினான், பிறகு அதுவும் நின்றது. றஊப் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பகிடி ஒன்றும் விடாமல் போனார்.

முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டிக்கு முதல் நாள் டிலக்சனாவின் போன் அடித்தது. நிதர்சன். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அந்தியேட்டிக்கு வரச்சொல்லி அம்மா சொன்னவ."

டிலக்சனாவின் முகம் மலர்ந்ததைச் சுகந்தன் பார்த்தார். "வாறம். விடியப் பஸ்ஸில வாறம். நான் என்ன கொண்டு வாறது?"

"இல்ல... அப்பா மட்டும் வந்தாக் காணும். எங்கட மாமா சொன்னவர், சாமானோட வரட்டாம்."

அவள் போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

காலையில் சுகந்தன் உண்மையாகவே புறப்பட்டார். கத்தி, சவர்க்காரம், துவாய் எல்லாம் பையில் வைத்தார். செத்தவருக்குக் கடைசியாகச் செய்யவேண்டியது என்று நினைத்தாராம். டிலக்சனா வாசலில் நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"அண்டைக்குச் செய்தது அங்கிளுக்கு. இண்டைக்கு ஆருக்கப்பா?"

அவர் பையைக் கீழே வைத்தார். அன்று சலூனைத் திறந்தார், அரைக்கைச் சட்டையோடு.

அறுவடை முடிந்தது. கலியாணப் பேச்சும் அதோடு முடிந்தது. முழுக்கைச் சட்டை அலுமாரிக்குள் மடித்தபடி கிடக்கிறது. டிலக்சனா இப்போது வவுனியாவில் ஒரு கந்தோரில் கணக்குப் பார்க்கிறாள், மாதக் கடைசியில் வருவாள்.

ஒரு முறை வந்திருந்தபோது சுகந்தன் அவளிடம் கேட்டார். யாழ்ப்பாணத்தில் பச்சை குத்துகிறார்களாம். சீவரத்தினத்துக்காகக் கீழே சின்னதாக ஒரு மடித்த கத்தி போட்டால் என்ன?

அவள் தகப்பனின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்து, விரித்த கத்திக்குக் கீழே வெறுமையாக இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாளாம்.

"வேண்டாமப்பா," என்றாளாம். "இருக்கிறது காணும்."