அனுப்பிரியாவும் அம்பாங் சேறும்

சாக்கடை ஓரமாகக் குந்திக்கொண்டு, தண்ணீர்மேல் மிதக்கும் படலத்தை ஐஸ்கிரீம் குச்சியால் குத்துகிறாள் அனுப்பிரியா. சுங்கை வேயில் காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு நடக்கிறார்கள். படலம் வானவில் நிறத்தில் பளபளக்கிறது. குத்தியதும் சில்லுச் சில்லாக உடைந்தால் அது இரும்பை உண்டு வாழும் கிருமிகளின் கைவேலை. உடையாமல் மறுபடி கூடிக்கொண்டால் ஏதோ லோரி ஒழுக்கிவிட்டுப் போன எண்ணெய். இன்றைக்கு உடைந்தது. உடைகிற நாள் நல்லபடியாக விடிந்தது என்று அவள் எடுத்துக்கொள்வாள்.

“என்னாம்மா, சாவி விழுந்துருச்சா?” என்று யாராவது கேட்காமல் போகமாட்டார்கள். ஆரம்பத்தில் நின்று விளக்கிப் பார்த்தாள். கேட்டவர்கள் பாதியிலேயே கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். இப்போதெல்லாம், “ஆமா அங்கிள், கிடைச்சிருச்சு” என்று சொல்லிவிட்டு எழுந்துகொள்கிறாள். பொய்தான், ஆனால் ஒரு வரியில் முடிந்துவிடுகிற பொய்.

இருபத்தேழு வயது. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை. தொழிற்சாலைகளிலிருந்து வரும் பாட்டில்களை வாங்கி, எண் ஒட்டி, சூட்டுப் பெட்டியில் வைத்து, மறுநாள் பார்த்து, ‘கிருமி இல்லை’ என்று எழுதி அனுப்ப வேண்டும். இப்படிக் கிருமி இல்லை என்று எழுதச் சம்பளம் வாங்குகிறவள், கிருமி இருக்கும் இடம் தேடி ஞாயிற்றுக்கிழமைகளில் அம்பாங் பக்கம் அலைகிறாள். அங்கே பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள் உண்டு. மற்றவர்கள் அங்கே தூண்டில் போடுவார்கள். இவள் முழங்கால் வரை இறங்கிச் சேறு அள்ளுவாள்.

அவளுடைய அம்மா சுங்கை பூலோவில் மகன் வீட்டில் இருக்கிறார். கல்யாண வீடுகளில், “எம் மவ லேப்ல டாக்டரு” என்று பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறார். அதனால் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் பக்கத்து இலைக்காரர் இனிப்புநீர், அதாவது சர்க்கரைச் சோதனை முடிவை எடுத்து நீட்டுகிறார். அவளும் மறுக்காமல் வாங்கிப் பார்த்து, “கொஞ்சம் கூடத்தான் இருக்கு ஆன்டி, சோறு குறைங்க” என்கிறாள். அவள் சொல்வதை உறவுக்காரர்கள் கவனமாகக் கேட்பது அப்போது மட்டும்தான்.

அவளுக்கு உள்ள ஆசை ஒன்றே ஒன்று. பாறையிலும் சேற்றிலும் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றி முதுகலை படிக்க வேண்டும். புவி நுண்ணுயிரியல் என்று அதற்குப் பெயர். இப்படி ஒரு படிப்பு உண்டு என்று சொல்லி நம்பவைப்பதே தனி வேலை. வெளிநாடுகளில் சில இடங்களில் அந்தப் பெயரிலேயே சொல்லித் தருகிறார்கள். அந்தக் குளிர்தேசங்களின் இணையப் பக்கங்களை அவள் பலகாரக்கடைக் கண்ணாடிக்கு வெளியே நிற்பவளைப்போலப் பார்த்துவிட்டு மூடிவிடுவாள். உள்ளூரில் அந்தப் பெயர் போட்ட பலகையை அவள் கண்டதில்லை. நிலவியல் வழியாக நுழையலாம், நுண்ணுயிரியல் வழியாக நுழையலாம், சுற்றுச்சூழல் அறிவியலில் ஓர் ஓரமாக ஒண்டிக்கொள்ளலாம். எந்த வழியானாலும் ஆராய்ச்சிக்கு மேற்பார்வையாளர் ஒருவர், “வா” என்று சொல்ல வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸில் மாணவர்களுக்குப் படிப்பு தேடித்தரும் அலுவலகம் வைத்திருக்கும் திருச்செல்வத்திடமும் ஒருமுறை போனாள். அவர் நல்ல மனிதர்; தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தார். “நர்சிங் இருக்கு, பார்மசி இருக்கு, ஃபூட் சயன்ஸ் இருக்கு. மண்ணுக்குள்ள இருக்கற பூச்சிக்கு எல்லாம் கோர்ஸ் கெடைக்கறது சுசா லா, கஷ்டம் பாப்பா. படிச்சு முடிச்சு எங்க வேலைக்குப் போவ? குட்டைக்கா?” என்றார். அவள் சிரித்தாள். பதில் இல்லாவிட்டால் சிரித்துவிடுவது அவள் வழக்கம்.

நிலவியல் துறைக்கு எழுதினாள். ‘உங்கள் பட்டம் நுண்ணுயிரியல், அங்கே கேளுங்கள்’ என்று பதில் வந்தது. நுண்ணுயிரியல் துறைக்கு எழுதினாள். ‘சுரங்கம், பாறை எல்லாம் நிலவியல், அங்கே கேளுங்கள்’ என்றார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இரண்டு துறைகளும் ஒரே கட்டடத்தில் மேல்மாடி, கீழ்மாடி என்பதுதான் வேடிக்கை. நடுவில் உள்ள படிக்கட்டில் உட்கார்ந்து அவள் ஒருநாள் மதியம் நெத்திலி வைத்த நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றைச் சாப்பிட்டாள். ஏறிப் போனவர்களும் இறங்கி வந்தவர்களும் யாரைத் தேடுகிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

கடைசியில் நிலவியல் பேராசிரியை ஒருவர் மனம் இளகினார். தான் எடுத்துக்கொள்ளத் தயார் என்றும், ஆனால் நுண்ணுயிர் தெரிந்த ஒருவர் துணைக்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்றும், சேர்க்கை இந்த மாதத்தோடு மூடுகிறது என்றும் எழுதினார். கேட்ட இடமெல்லாம் கைவிரித்தார்கள். நுண்ணுயிரியல் விரிவுரையாளர் டாக்டர் குமுதா ஒருவர்தான், ‘பிரசவ விடுப்பில் கிள்ளானில் அம்மா வீட்டில் இருக்கிறேன். சனிக்கிழமை வாருங்கள். வைத்திருப்பதைக் கொண்டு வாருங்கள். அதிகம் எதிர்பார்க்காதீர்கள்’ என்று பதில் போட்டிருந்தார்.

வைத்திருப்பது என்றால், முறுக்கு போட்டு வைக்கும் பெரிய கண்ணாடி பாட்டில் ஒன்று. அதில் அம்பாங் சேற்றோடு கிழித்த செய்தித்தாளும் முட்டை மஞ்சள் கருவும் கலந்து, தண்ணீர் ஊற்றி மூடி, வாடகை அறை ஜன்னலில் போன வருஷம் வைத்தாள். மாதங்கள் போகப் போக அது தானாக அடுக்கு அடுக்காக நிறம் கட்டியது: அடியில் கறுப்பு, அதன்மேல் பச்சை, அதற்கும் மேல் ஊதா, உச்சியில் துருச் சிவப்பு. ஒவ்வொரு நிறமும் ஒரு கூட்டம். புதிதாக ஒரு நிறம் தோன்றிய நாளில் அவள் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டாள். அண்ணன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். அம்மா, “சாப்டியா” என்று கேட்டார். அன்றிரவு அவளுக்கு அழுகை வந்தது. யாரையும் குறைசொல்ல முடியாத அழுகை.

சனிக்கிழமை ஸ்ரீ செத்தியாவில் கொமுட்டர் ரயில் ஏறினாள். பாட்டில் குலுங்கினால் ஒரு வருஷ உழைப்பு கலங்கிப்போகும். ஆகவே அதை ஒரு வெள்ளைத் துண்டில் சுற்றி, வாயை முடிச்சுப் போட்டு, நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பெண்கள் பெட்டியில் நல்ல கூட்டம். உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் அந்த வெள்ளை மூட்டையைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து இடம் கொடுத்தார்.

“உக்காரு கண்ணு. மடியில வெச்சிக்க.” பிறகு குரலைத் தாழ்த்தி, “யாரு, அப்பாவா?” என்றார்.

அனுப்பிரியாவுக்கு முதலில் விளங்கவில்லை. ரயில் போவது போர்ட் கிள்ளானுக்கு. அங்கேதான் கடலில் அஸ்தி கரைப்பார்கள். விளங்கியபோது பக்கத்தில் நின்ற பெண்களும் கைப்பேசியை இறக்கிவிட்டிருந்தார்கள். இது சேறு என்று அந்த முகங்களைப் பார்த்துச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

“தனியாவா வந்த? நாலு பேரு கூட வர வேண்டிய காரியம்லா இது.”

அந்தக் கேள்வி நேராக உள்ளே இறங்கியது. நாலு பேர் வேண்டாம், ஒருவர் போதும் என்றுதானே இத்தனை நாளும் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்? கண்ணீர் மளமளவென்று இறங்கியது. அந்த அம்மாள் ஷா ஆலமில் இறங்கும்வரை அவள் தோளைத் தடவிக்கொண்டே நின்றார். ஏமாற்றுகிறோமே என்று அனுப்பிரியாவுக்குக் கூச்சமாக இருந்தது; கையை எடுத்துவிடுவாரோ என்று பயமாகவும் இருந்தது.

கிள்ளானில் வீட்டைக் கண்டுபிடித்து மணி அடித்தபோது வந்தவர் டாக்டர் குமுதாவின் அம்மா வள்ளியம்மாள். கேட்டின் பூட்டில் சாவியை வைத்தவர், மூட்டையைப் பார்த்ததும் சாவியை உருவிக்கொண்டார்.

“என்னாம்மா இது? பச்சப்புள்ள இருக்கற வீடு. இத எடுத்துக்கிட்டு வரலாமா?”

“அய்யோ ஆன்டி, அது இல்ல. இது சேறு.”

“சேறா?” அவர் முகம் இன்னும் சுருங்கியது. அனுப்பிரியா அவசரமாக முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். ரயிலில் மூடி கொஞ்சம் நெகிழ்ந்திருக்க வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று கிளம்பியது. வள்ளியம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். கடைசியில், பெண் போகட்டும், பாட்டில் கார் போர்ச்சைத் தாண்டக் கூடாது என்று தீர்ப்பானது. பாட்டிலை விட்டுவிட்டு அனுப்பிரியா உள்ளே போகவில்லை. போர்ச்சில் சிமெண்டுத் தரையில் அதன் பக்கத்திலேயே குந்திக்கொண்டாள்.

டாக்டர் குமுதா வெளியே வந்தார். வயிற்றுக்கு இறுக்கிக் கட்டிய துணி, காலில் உறை, காதில் பஞ்சு, நெற்றியில் பத்து. பல்கலைக்கழகப் படத்தில் பார்த்த ஆளே இல்லை. “நான் சாப்பாட்டுக் கிருமி ஆளு, அனுப்பிரியா. தாப்பாய், தெம்பேன்னு புளிக்கவெச்ச சாப்பாடு, இதான் எனக்குத் தெரியும். நேர்ல சொல்லி அனுப்பலாம்னுதான் வரச் சொன்னேன்” என்றார், நின்றபடியே.

“பரவால்ல டாக்டர்” என்று சிரித்தாள் அனுப்பிரியா.

உள்ளே போகத் திரும்பிய டாக்டர், பாட்டிலைப் பார்த்து நின்றார். “இந்த ஊதாக் கோடு ஏன் பாதியிலயே நிக்குது?”

இதுவரை யாரும் அவளிடம் கேட்காத கேள்வி. “வெயில் படலன்னு நெனச்சேன் டாக்டர். தெனமும் திருப்பித் திருப்பி வெச்சேன். அப்படியும் அந்த இடத்தத் தாண்ட மாட்டேங்குது. ஏன்னு தெரியல.”

“எனக்கும் தெரியல” என்றார் டாக்டர் குமுதா. “கையெழுத்துப் போடறேன். அத அப்புறம் பார்ப்போம். இப்ப அந்தப் பக்கம் திருப்பு.”

“குமுதா, கீழ உக்காராத. சிமெண்டு குளுரு ஏறும்” என்று உள்ளேயிருந்து வள்ளியம்மாள் சத்தம் போட்டார்.

டாக்டர் குமுதா வயிற்றுக் கட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையை அனுப்பிரியாவின் தோளில் ஊன்றி, மெல்ல மெல்ல இறங்கி, அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.