நான் வெளியே போன பிறகு

ஒரு திங்கட்கிழமை காலை, திருநெல்வேலியிலிருந்து எங்கள் குகட்பள்ளி வீட்டுக்கு வந்திருந்த மாமனார் என்னைப் பார்த்து, "சரசு, பேங்குக்கு நேரமாச்சு, சட்டைய எடு" என்றார். சரசு என்பது காலமான என் மாமியார். மாமா ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகின்றன. சனிக்கிழமை வரை தெளிவாகப் பேசியவர். புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்து, உடனே டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

மாமாவுக்குத் தெலுங்கு தெரியாது. டாக்டர் கேட்டதையெல்லாம் நான் தமிழில் சொன்னேன். "ஒண்ணுக்குப் போனா எரியுதா மாமா?" என்றதும் தலையைக் குனிந்துகொண்டார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா."

டாக்டர் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு என்னை வெளியே உட்காரச் சொன்னார்.

"நான் இல்லாம எப்படி சார் பேசுவீங்க?"

"நாக்கு கொஞ்செம் தமிழ் வஸ்துந்தி" என்று, தனக்கும் கொஞ்சம் தமிழ் வரும் எனத் தெலுங்கில் சொல்லிச் சிரித்தார்.

கதவுக்கு வெளியிலும் கேட்டது. "ஐயா, எரியுது? ரொம்ப?"

"உயிர் போவுது டாக்டர்! பயந்து தண்ணியே குடிக்கல. மருமவட்ட இத எப்படிச் சொல்லுவேன்?"

சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமித்தொற்று தெரிந்தது. வயதானவர்களை அது இப்படியும் குழப்பும் என்றார் டாக்டர். மருந்து சாப்பிட்டு, அந்த வாரம் முடிவதற்குள் மாமா தெளிந்துவிட்டார்.

பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்ததைவிட, அந்த டாக்டர் என்னை வெளியே அனுப்பியதைத்தான் இன்றும் வியக்கிறேன். இரண்டு மொழியும் தெரிந்த நான் மாமாவுக்கு அன்று செய்த பெரிய உதவி, எழுந்து போனதுதான்.