பொன்னம்பலம் அண்ணனின் கண்ணாடித் தட்டு

பொன்னம்பலம் அண்ணன் தவறிவிட்டார் என்ற செய்தி, புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் நான் வேலையில் இருந்தபோது தொலைபேசியில் வந்தது. கேட்டதும் அவரிடம் இருந்த கண்ணாடித் தட்டுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவரோடு பழகியவர்களுக்கு இது புரியும்.

துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். பிந்தால் தாலி சாலைப் பழைய சாமான் சந்தையில், விநோதமான டயல் உள்ள ரேடியோ எது வந்தாலும் எங்கள் இருவர் கையும் ஒன்றாக நீளும். அங்கே ஒருநாள் ஒரே மாதிரி ரேடியோ இரண்டு வந்தன. மற்ற ரேடியோக்களில் முள் நகரும். இதில் முள் அசையாது, ஊர்ப்பெயர்கள் எழுதிய கண்ணாடித் தட்டுதான் சுற்றும். அவர் வாங்கியதில் தட்டு பழுதில்லாமல் இருந்தது, பெட்டியைக் கரையான் தின்றிருந்தது. நான் வாங்கியது நன்றாகப் பாடியது, தட்டுதான் உடைந்திருந்தது.

இரண்டையும் சேர்த்தால் ஒரு ரேடியோ முழுதாகும். யார் வீட்டில் என்பதுதான் தகராறு. பதினொரு வருடம் இழுத்தது.

ஒருமுறை அந்தத் தட்டை ஈரத்துணியால் துடைக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். "அழுக்கு இருந்தா இருக்கட்டும் தம்பி. துடைச்சா எழுத்தும் சேர்ந்து வந்துடும்லா. அப்புறம் பாங்காக் எங்க, ரங்கூன் எங்கன்னு யாரைப் போய்க் கேப்ப?" தீபாவளிக்குப் போனால் முறுக்கோடு தட்டையும் எடுத்து வந்து காட்டுவார். எனக்கு வயிறு எரியும்.

போன மாதம் அவரே போன் செய்தார். குரல் தளர்ந்திருந்தது.

"பெட்டியைத் தூக்கிட்டு வாயேன் தம்பி. ஒரு தடவை சுத்திப் பாத்துடறேன்."

"தட்டைக் குடுத்து விடுங்கண்ணே, நான் மாட்டிக்கிறேன்," என்றேன்.

"சரி, உன் பெட்டியை நீயே வச்சுக்கோ," என்று போனை வைத்துவிட்டார். சரியான பிடிவாதக்காரர் என்று வீட்டில் திட்டித் தீர்த்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி அக்கரையில் அவர் வீட்டுக்குப் போனேன். நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவி தட்டைத் துண்டில் சுற்றி வைத்திருந்தார். நான்கே திருகாணி. மாட்டித் திருப்பினேன், ஊர்கள் ஒவ்வொன்றாக முள்ளைத் தாண்டிப் போயின.

அக்கா பார்த்துக்கொண்டே நின்றார். "இதுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகலையே தம்பி," என்றார்.

ரேடியோவை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த எரிச்சல்தான். அது அவர் மேல் என்றே இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.