மடக்கு சைக்கிளைப் பிடித்திருந்த கை

போன வருடம் ஆடி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. எங்கள் ஊர் கந்தர்வக்கோட்டையின் பேருந்து நிலையத்தில் நடந்தது இது. இன்றைக்கும் பேருந்து கிளம்பும் விசில் சத்தம் கேட்டால் முதலில் அதன் படியைத்தான் பார்ப்பேன்.

என் மகள் பிசியோதெரபி படித்தவள். நடக்க முடியாத பெரியவர்களின் வீடுகளுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கும் வேலை, புதுக்கோட்டையில். ஒரு நாளைக்கு ஐந்தாறு வீடு. ஒவ்வொன்றும் ஒரு மூலையில். "ஒரு ஸ்கூட்டர் வாங்கிக் குடும்மா, இங்கேருந்தே போயிட்டு வாரேன்" என்றாள். லாரிகள் பறக்கும் புதுக்கோட்டைச் சாலையில் என் மகளா? என் தம்பி அங்கே விழுந்துதான் இன்றும் காலில் பிளேட்டோடு நடக்கிறான். முடியவே முடியாது என்றேன்.

மடக்கும் எலெக்ட்ரிக் சைக்கிள் என் யோசனைதான். தூரத்துக்குப் பேருந்து, ஊருக்குள் சைக்கிள். ஏறும்போது மடித்துக் கையில் தூக்கிக்கொள்ளலாம். ஒரு மாதம் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். விலை குறைந்தவை எல்லாம் நல்ல கனம். இலேசானதோ, இரண்டு ஸ்கூட்டர் விலை. கனத்தைத் திரையில் பார்த்தால் தெரியுமா? ஏறக்குறைய அதே கனத்தில் வீட்டிலிருந்த இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பத்தை அவள் கையில் கொடுத்து மாடிப்படி ஏறச் சொன்னேன். நாலாவது படியில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கே பிசியோதெரபி பாக்க வச்சிருவ போலயேம்மா" என்று சிரித்தாள்.

அதனால் இலேசானதுதான் என்று முடிவு செய்தேன். குவைத்தில் இருக்கும் என் கணவர் போனில் கேட்டார்: "சைக்கிளுக்கா இம்புட்டு? தங்கம் கிங்கம் பதிச்சிருக்கானா?" அவள் கல்யாணத்துக்கு வளையல் எடுக்கச் சேர்த்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். வண்டி வந்ததும் தெருமுனை முந்திரிக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். பதினாலு கிலோ என்று சொல்லியிருந்தார்கள், பதினேழு காட்டியது. பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சொன்ன எடையாம் அது. திருப்பி அனுப்பிவிடலாமா என்றேன். மகள் ஒரு கையால் தூக்கிக் காட்டி, "இது போதும்மா, பாத்துக்கலாம்" என்றாள்.

அன்றிலிருந்து வேறு பயம் பிடித்தது. முன்பு சாலையை நினைத்துப் பயந்தேன், இப்போது சைக்கிளை நினைத்து. தினமும் அவளோடு பேருந்து நிலையம் வரை போவேன். கூட்டத்தில் நிற்பவர்களின் பையை உட்கார்ந்திருப்பவர்கள் வாங்கி மடியில் வைத்துக்கொள்வது எங்கள் பக்கத்துப் பேருந்துகளில் வழக்கம். கேட்கக்கூட வேண்டாம், கை நீளும், பை போகும். அதையும் நான் தடுத்தேன். "யாருகிட்டயும் குடுத்துறாத. கீழ போட்டுட்டா அம்புட்டுதான். ஒன் கையிலயே வச்சுக்க." பத்து நாளில் நூறு தடவையாவது சொல்லியிருப்பேன்.

அந்தத் திங்கட்கிழமை நல்ல கூட்டம். காற்று புழுதியை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. முன்வாசல் படியில் மகள் ஒரு காலை வைத்துவிட்டாள். இடது கையில் மடித்த வண்டி, வலது கையில் கம்பி. "சைக்கிளா, பொட்டியா? எதுவா இருந்தாலும் லக்கேஜ் உண்டு, ஏறும்மா" என்று உள்ளேயிருந்து நடத்துநர் கிண்டல் செய்தார். வாசலை ஒட்டிய சீட்டில், மடியில் தூக்குச்சட்டியுடன் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். கட்டட வேலைக்குப் போகிறவர். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டிருந்தார். "இங்கிட்டுக் குடு ஆத்தா" என்று கையை நீட்டினார். மகள், "இல்லக்கா, பரவால்ல" என்றபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்த நேரத்தில் விசில். அவள் ஏறிவிட்டதாக நடத்துநர் நினைத்திருக்க வேண்டும். பேருந்து குலுங்கி நகர்ந்தது. அவள் கையிலிருந்து வண்டி நழுவுவது எனக்குத் தெரிந்தது.

"வண்டிய விட்டுறாத!" என்று கத்தினேன்.

என் வாயில் முதலில் வந்தது அதுதான். என் மகள் சொன்ன பேச்சைக் கேட்கிறவள். கம்பியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் வண்டியைப் பிடித்தாள்.

அவள் உடம்பு அப்படியே வெளியே சாய்ந்தது. பின்சக்கரம் உருண்டு வந்துகொண்டிருந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அந்தப் பெண் எழுந்த வேகத்தில் மடியிலிருந்த தூக்குச்சட்டி எங்கேயோ போய் விழுந்தது. மகளின் முழங்கையை இரண்டு கையாலும் பற்றி உள்ளே இழுத்துக்கொண்டே, "போடு அத! போட்டுத் தொலை புள்ள!" என்று அலறினார். வண்டி தரையில் மோதிய சத்தம் கேட்டது. பத்தடி தள்ளிப் பேருந்து நின்றது.

ஓடினேன். மகள் படியில் உட்கார்ந்திருந்தாள். முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். என்னைக் கண்டதும் அழுதுகொண்டே சொன்னாள்: "அம்மா, வண்டி விழுந்துருச்சும்மா. புடிச்சுப் பாத்தேன், முடியல."

அவள் பக்கத்தில் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பெண் தன் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துச் சிராய்ப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். பேருந்தின் தரையெங்கும் அவருடைய மதியச் சோறும் புளிக்குழம்பும். கையெடுத்துக் கும்பிட்டேன். "நான்தாங்க அப்புடிக் கத்துனேன்" என்று மட்டும்தான் சொல்ல வந்தது. "பதட்டத்துல வாயில வர்றதத்தான் கத்துவோம், விடுங்கக்கா" என்றார். பிறகு தரையைப் பார்த்து, "கொழம்புல இன்னக்கி உப்பு கூடிப்போச்சு. எங்க மேஸ்திரி தெனம் பங்கு கேப்பாரு, தப்பிச்சாரு" என்றார். அழுதுகொண்டிருந்த மகள் சிரித்துவிட்டாள். வண்டியைத் தூக்கிவந்த நடத்துநரின் முகம் வெளுத்திருந்தது. "கவனிக்கலம்மா, என் தப்புதான்" என்றார். அவரைத் திட்ட எனக்கு என்ன தகுதி?

சாப்பாடு வாங்கித் தருகிறேன் என்று அந்தப் பெண்ணிடம் கெஞ்சினேன். நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டார். நானும் மகளும் இறங்கிக்கொண்டோம். பேருந்து அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. பெயர்கூடக் கேட்கவில்லை. பிறகு எத்தனையோ காலைகளில் அந்தப் பேருந்தின் வாசல் சீட்டை எட்டிப் பார்த்தேன். அவர் கண்ணில் படவே இல்லை.

வண்டியில் ஒரு பெடல்தான் வளைந்திருந்தது. மாற்றியாகிவிட்டது. மகள் அதையேதான் ஓட்டுகிறாள். இப்போதெல்லாம் வாசலில் நின்று, "யாராச்சும் வாங்குங்க" என்று முதலில் வண்டியை உள்ளே கொடுத்துவிட்டுத்தான் படியில் கால் வைக்கிறாள். புதுப்புதுக் கீறல்கள் விழுந்திருக்கின்றன. பார்க்கிறேன், ஒன்றும் கேட்பதில்லை.

அன்று நான் கத்தியதே நினைவில்லை என்கிறாள். என் மனம் நோகக் கூடாது என்று சொல்கிறாளோ என்னவோ. ஆனால் சக்கரத்துக்குத் தப்பி வந்த நேரத்தில்கூடத் தன் வலியைச் சொல்லாமல் வண்டிக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்கும்படி என் பிள்ளையை நான் ஆக்கி வைத்திருந்தேன் என்பது நெஞ்சை விட்டுப் போகவில்லை; அதனால்தான் அவள் திரும்பும் நேரத்தில் எந்த வேலை இருந்தாலும் வாசலுக்கு வந்து நின்று, முதலில் அவள் முகத்தைப் பார்க்கிறேன்.