முழங்காலைத் தாண்டாத மரம்

பல்கலைக்கழகத்தில் அவரைத் 'தகட்டுக்காரர்' என்றால்தான் தெரியும். யாராவது கன்று நட்டால், எண் அடித்த தகரத் தகட்டைக் கம்பியில் கோத்து அதில் மாட்டுவது அவர் வேலை. கன்று பட்டுப்போனால் தகட்டைக் கழற்றித் தன் அறையில் இருக்கும் பழைய பெயின்ட் டப்பாவில் போடுவார். அதே குழியில் புதுக் கன்று, புது எண். பழைய எண்ணைப் பதிவேட்டில் யாரும் அடித்து நீக்க மாட்டார்கள். அப்படித்தான் ஒன்பதாயிரம் மரங்களோடு அந்தப் பல்கலைக்கழகம், கல்லூரிகளை மரக் கணக்கில் வரிசைப்படுத்தும் பசுமைப் பட்டியலில் முதலிடத்தில் உட்கார்ந்திருந்தது. வாசலில் அதைச் சொல்ல ஒரு பெரிய பலகை வேறு. அதன் கீழே நின்றால் கொஞ்சம் நிழல் உண்டு, அந்த மட்டில் புண்ணியம்.

6212 என்ற தகடு மட்டும் டப்பாவுக்குப் போனதே இல்லை. அவருடைய ஒரே மகள் அங்கே படிக்கச் சேர்ந்த வாரம் நூலகத்துக்குப் பின்னால் நட்ட கன்று அது. "அப்பா, நீங்க சும்மா இருங்க, நானே நடுறேன்" என்று மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். அடுத்த வருடம் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் அவர் மனைவி வந்து கன்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

மகள் போன மூன்றாம் மாதம் கன்றும் கருகிவிட்டது. மறுநாள் வெள்ளிக்கிழமை, மனைவி வந்துவிடுவாள். அதே வகைக் கன்று ஒன்றைக் கொண்டுவந்து நட்டு, அதே தகட்டை மாட்டிவிட்டார். அதுவும் போயிற்று. ஆறு வருடத்தில் நான்கு முறை இப்படி.

"ஏங்க, இது முழங்காலைத் தாண்டவே மாட்டேங்குதே?"

"பாறை மண்ணு. மெதுவாத்தான் வரும்."

அவள் தலையாட்டிக்கொள்வாள். காற்றடித்தால் தகடு கம்பியில் உரசி டிக், டிக் என்று சத்தம் போடும். அந்தச் சத்தம் அவரை விடவில்லை. வீட்டில் பல் துலக்கும்போது கேட்கும், சாப்பிடும்போது கேட்கும். மனைவியிடம் சொல்லப் பயம்.

இந்த வருடம் பட்டியல்காரர்கள் சரிபார்க்க ஒரு அம்மாவை அனுப்பினார்கள். ஆள் கறார்.

"நட்டதை எண்ணினா எல்லாரும் முதலிடம்தான். தண்ணியே இல்லாத இடத்துல ஒரு காலேஜ் முந்நூறு நட்டு இருநூத்தி எழுபதைக் காப்பாத்தியிருக்கு. உங்க ஒன்பதாயிரத்தால அவங்க கடைசியில கிடக்கறாங்க. ஒவ்வொரு தகடும் எப்ப நட்டது, இப்ப உயிரோட இருக்கா, எழுதிக் கையெழுத்துப் போடுங்க. கன்னு மாத்தியிருந்தா அதையும் எழுதுங்க."

பதிவாளர் பின்னால் நின்று கண்ணைக் காட்டினார். தகட்டுக்காரர் கண்டுகொள்ளவில்லை. டப்பாவை மேஜையில் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தார். பட்டுவிட்டது, பட்டுவிட்டது என்று பக்கம் பக்கமாக எழுதினார். ஊரார் பொய்யை ஒரு வாரமாக அடித்துத் திருத்தியவர், 6212 வந்ததும் பேனாவை மூடிவிட்டார்.

"நாளைக்குத் தரேம்மா."

மறுநாள் வெள்ளிக்கிழமை. தாளோடு போய் மனைவி பக்கத்தில் நின்றார்.

"இதுல ஒண்ணு எழுதணும். உன்கிட்ட சொல்லாம எழுத முடியல. இது அவ நட்டது இல்ல."

"தெரியும்" என்றாள். "ஆறு வருசமா வளராம ஒரு மரம் இருக்குமா? நீங்க தாங்க மாட்டீங்கன்னுதான் கேக்கல."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எத்தன போச்சு?"

"நாலு. இது அஞ்சாவது."

"ஒவ்வொண்ணும் எத்தன நாள் இருந்துச்சு?"

அவருக்கு எல்லாம் மனப்பாடம். ஒவ்வொன்றாகச் சொன்னார். முதல் கன்று நானூற்று அறுபது நாள்.

"அப்ப அவ இருந்த வரைக்கும் அதுவும் இருந்திருக்கு."

"இருந்துச்சு."

"அப்படியே எழுதுங்க."

எழுதிக் கையெழுத்துப் போட்டார். கம்பியை அவிழ்த்து 6212-ஐ அவளிடம் கொடுத்தார். கன்றுக்குப் புதுத் தகடு மாட்டினார்.

தகட்டை அவள் வீட்டு அலமாரியில் துணி மடிப்புக்குள் வைத்துப் பூட்டினாள். மதியம் சாப்பிட உட்கார்ந்தார்கள். டிக், டிக். அவர் நிமிர்ந்தார். அவளும் நிமிர்ந்திருந்தாள்.

"உனக்குமா கேக்குது?"

"ஆறு வருசமா கேக்குது. நீங்க சாப்பிடுங்க" என்றாள்.