கடல் இல்லாத பூமி

ஆவூர்ப் பக்கம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் எனக்குப் பழக்கமான கோயில் உபதேசியார் அவர். வேதாகமத்தின் கடைசிப் புத்தகத்தில் வரும் மிருகம், கொம்பு, குதிரை என எதைப் பற்றிக் கேட்டாலும் ஆட்காட்டி விரலை ஆட்டி, "அது ஒரு அடையாளமுங்க" என்று விளக்கத் தொடங்கிவிடுவார்.

ஒரு கல்லறைத் திருநாளன்று ஊரே தங்கள் வீட்டுக் கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தது. அவர் மட்டும் ஏற்றாத வத்தியோடு ஓரமாக நின்றார். பேச்சுக்குக் கேட்டு வைத்தேன்: "அந்தக் கடைசிப் புத்தகத்துல, புது பூமியில கடலே இருக்காதுன்னு வருதே, அது எதுக்கு அடையாளம்?"

விரல் ஆடவில்லை.

"அது அடையாளம் இல்லீங்க. நெசமாவே இருக்கப்படாது. கொழும்புக்குக் கள்ளத்தோணி ஏறுன எம்மவன் அதுக்குள்ளதான கெடக்கான்."

வத்தியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். கடல் போனால் மகன் கிடைப்பான் என்று சொன்னாரா, மகனைக் கொண்டுபோன கடல் ஒழியட்டும் என்று சொன்னாரா, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.